ஜெயில்ல இருக்கவங்களுக்கு தியானம், கவுன்சிலிங்: நாம செய்யக்கூடாத தப்புங்க

உள்ள இருக்கவரு மனசு உடைஞ்சு கிடக்காருன்னு தெரிஞ்சா வீட்டுல முதல்ல சொல்றது "தியானம் பண்ணு, சாமிய கும்புடு"ன்னுதான். சொல்லுங்க, அதோட விட்டுறாதீங்க. அங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க.

1994ல கிரண் பேடி திகார் ஜெயில் ஐஜியா இருந்தப்ப தியான ஆசிரியர் கோயங்கா நடத்துன விபாசனா (பத்து நாளு பேசாம உக்காந்து பண்ற தியானம்) வகுப்புல ஆயிரம் பேருக்கு மேல கைதிங்க உக்காந்தாங்க, ஜெய்ப்பூர் ஜெயில்ல 1975லயே இது ஆரம்பிச்சாச்சு. நல்ல விஷயம். ஆனா கடுமையான மனநோய் இருக்கவங்களுக்கு இது சரிவராது, வைத்தியத்துக்கு பதிலாவும் இதை எடுத்துக்கக் கூடாதுன்னு விபாசனாக்காரங்களே விதிமுறைல எழுதி வச்சிருக்காங்க. காதுல குரல் கேக்குதுன்னு சொல்றவர பத்து நாளு பேசாம உக்கார வச்சா பயம் இன்னும் கூடிடலாம், அவர முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்.

அதே மாதிரி மாத்திரை. வெளிய இருந்தப்ப மனநல மாத்திரை சாப்பிட்டவரு ரிமாண்ட் ஆனா அது அப்படியே நின்னு போயிடும், "கேசுக்கு பாதகமாயிடுமோ"ன்னு வீட்டுலயும் மறைச்சுடுவாங்க. தயவுசெஞ்சு மறைக்காதீங்க. வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பழைய மருந்துச் சீட்டு நகலை ஜெயில் டாக்டர் கையில சேர்த்துடுங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 103வது பிரிவு மனநோய் இருக்க கைதிக்கு சிகிச்சை குடுத்தே ஆகணும்னு சொல்லுது, அங்க வசதி இல்லன்னா வெளி மருத்துவமனைக்கு மாத்தவும் வழி இருக்கு.

ஆன்மிக வகுப்பு எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. "செஞ்ச பாவத்துக்கு வருந்து, கர்மா"ன்னு ஆரம்பிக்காதீங்க. நம்ம நாட்டு ஜெயில்ல நாலுல மூணு பேரு விசாரணைக் கைதிங்க, குற்றம் இன்னும் நிரூபணமே ஆகாதவங்க. செய்யாத தப்புக்கு உள்ள இருக்கவரா இருந்தா அந்தப் பேச்சு எப்படி வலிக்கும்! செஞ்சவரா இருந்தாலும் குற்ற உணர்ச்சியில தூங்காம தவிக்கிறவருக்கு இன்னும் பாரம் ஏத்துறது எந்த சாமிக்கும் பிடிக்காது. வகுப்புக்கு வந்தாதான் சலுகைன்னு சொல்லி இழுக்குறதும், வேற மதத்துக்காரர நம்ம ஜெபத்துல கட்டாயமா உக்கார வைக்கிறதும் அப்படித்தான், வர்றது அவரோட இஷ்டமா இருக்கணும்.

கவுன்சிலிங்ல அழுது சொன்னத வார்டன்கிட்ட போய் கதையா சொல்லிட்டா அப்புறம் அந்த பிளாக்குல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லணும், அதையும் முதல் நாளே அவர்கிட்ட சொல்லிடணும்.

உள்ள போன முதல் சில நாளும், ஜாமீன் தள்ளுபடியான நாளும், தீர்ப்பு வந்த நாளும் ரொம்ப கவனமா இருக்கணும். மனு போட்டு பாக்கப் போறப்ப "செத்துடலாம்போல இருக்கு"ன்னு சொன்னா "அப்படியெல்லாம் பேசாத"ன்னு அடக்காதீங்க, முழுசா கேளுங்க, கேட்டுட்டு அன்னைக்கே ஜெயில் அதிகாரிகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணா அதுக்கு வேற கேஸ் வருமோன்னு பயந்து சொல்லாம இருக்காங்க, ஆனா முன்னாடி சொன்ன 2017 மனநலச் சட்டத்தோட 115வது பிரிவு அப்படி முயன்றவர கடும் மன அழுத்தத்துல இருந்தவராத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுங்குது.

விடுதலையாகி வந்த அன்னைக்கு கோயிலுக்கோ சர்ச்சுக்கோ தர்காவுக்கோ கூட்டிட்டுப் போங்க, அதே வாரத்துல மாத்திரை தீர்றதுக்குள்ள மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் கூட்டிட்டுப் போங்க, நைட்டு நேரத்துல தாங்க முடியலன்னா அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416க்கு தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.