பாத்ரூம் பூஞ்சைக்கு பிளீச், உப்புக்கறைக்கு வினிகர்
ஏற்காட்டுல மழை புடிச்சா பாத்ரூம் டைல்ஸ் இடுக்கெல்லாம் கருப்பா பூஞ்சை ஏறிடும், அதுக்கு 1 லிட்டர் பச்சத்தண்ணில 4 டீஸ்பூன் லிக்விட் பிளீச் கலந்து, ஜன்னல தொறந்து வச்சுட்டு கிளவுஸ் போட்டு தடவி 10 நிமிஷம் ஊறவிட்டு தேச்சு கழுவுங்க. சுடுதண்ணி வேணாம். மிச்சத்த மறுநாளைக்கு வைக்காதீங்க, வீரியம் போயிடும்.

ஆனா கீழ சேலத்துல போர் தண்ணி உப்புக்கறை இருக்கே, அதுக்கு பிளீச்ச ஊத்தி ஊத்தி நானும் ஏமாந்தவதான், அசையவே அசையாது, வினிகர் இல்லன்னா எலுமிச்சைக்குதான் கேக்கும் (மார்பிள்ல மட்டும் வேணாம், அரிச்சிடும்). ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு ஊத்திடாதீங்க, பிளீச்சோட வினிகர், ஆசிட், டாய்லெட் கிளீனர் எது சேந்தாலும் குளோரின் வாயு கெளம்பி நெஞ்ச அடைக்கும். அப்புறம் கால் கொலுச கழட்டி வச்சுட்டு எறங்குங்க, செவ்வாப்பேட்டைல ஆசையா வாங்குன வெள்ளியா இருந்தாலும் பிளீச் பட்டா கருத்துடும்.