செம்மீசைச் சின்னானையும் வரையாட்டையும் ஒப்பிடுவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். சோலையோரப் புதரில் சின்னான் என்ற சிறு பறவை, மேலே புல்வெளியும் பாறையும் சேரும் சரிவில் வரையாடு என்ற காட்டு ஆடு. சின்னானின் எடை சுமார் 30 கிராம், வளர்ந்த வரையாட்டுக் கிடா 100 கிலோகூட இருக்கும். பலர் இந்த எடை வித்தியாசத்தை எழுதியதோடு ஒப்பீட்டை முடித்துவிடுகிறார்கள். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒரே கேள்வியை இரண்டிடமும் கேளுங்கள்.

பிடிமானத்தில் தொடங்குவது நல்லது. சின்னானின் காலில் மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே; கிளையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். வரையாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. அதன் கடினமான விளிம்பு பாறை இடுக்கில் ஊன்றிக்கொள்ளும், உள்ளிருக்கும் மெத்தென்ற அடிப்பகுதி வழுக்காமல் ஒட்டி நிற்கும். இரண்டையும் அருகருகே படமாக வரையுங்கள். இந்த ஒப்பீட்டின் உயிர்நாடியே இதுதான்.

அடுத்தது குஞ்சும் குட்டியும். சின்னான் குஞ்சு இறகில்லாமல், கண் திறக்காமல் பொரிக்கும். வரையாடு சுமார் ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். அது பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும்.

நடத்தையைப் பதிவு செய்யும்போது இரை தேடல், அசைபோடல், ஓய்வு, கண்காணிப்பு என நான்கு கட்டம் போடுங்கள். அசைபோடலுக்குத் தனிக் கட்டம் இல்லையென்றால், படுத்திருக்கும் ஆடெல்லாம் ஓய்வுக் கணக்கில் போய்விடும். ஆட்டுக்கு 5 நிமிடத்துக்கு ஒரு குறிப்பு போதும். சின்னான் நொடியில் மறைந்துவிடும் என்பதால் அதற்கு 15 விநாடிக்கு ஒன்று வேண்டும். மறைந்தால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். விழுக்காடு போடும்போது அந்தப் பதிவுகளைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

அடையாளத்திலும் தவறு நேரும். கொம்பு இருப்பதாலேயே கிடா என்று முடிவு கட்டாதீர்கள், பெண்ணுக்கும் கொம்பு உண்டு. முதிர்ந்த கிடாவை முதுகில் சேணம்போல் படர்ந்த வெளிர்நிறம் காட்டிக்கொடுக்கும். இளம் சின்னானுக்குக் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு இருக்காது. கூரிய கொண்டையையும் வெள்ளைக் கன்னத்தையும் பாருங்கள்.

வரையாடு நம்மை எவ்வளவு அருகே வர விடுகிறது என்று அளப்பதாக இருந்தால், கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவிலுள்ள ராஜமலையைத் தவிர்த்துவிடுங்கள். அங்குள்ள ஆடுகள் மனிதருக்குப் பழகியவை. அந்தத் தூரம் வேறெந்த மலைக்கும் பொருந்தாது.