அல்கோத்திமில் ஒரு நாள்: கடிகாரம், படகு, ஜிப்லைன்

அல்கோத்திமுக்குப் போகிறவர்கள் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வே பகுதியில், குவாதியானா ஆற்றின் வலக்கரையில் இருக்கிறது இந்தச் சிற்றூர். நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில், ஸ்பெயினின் சான்லூக்கர். அங்கே எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதல். கைபேசியை 'தானியங்கி நேரம்' என்று விட்டுவைத்தால், நீங்கள் இக்கரையில் நிற்கும்போதே அது அக்கரைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து மணியை மாற்றிவிடும். நேரத்தை லிஸ்பனுக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள்.

கடலோர நகரமான விலா ரியால் த சாந்து அந்தோனியோவோடு ரயில் நின்றுவிடும். அங்கிருந்து சுமார் 40 கி.மீ. பேருந்துகள் மிகக் குறைவு. அதை நம்பித் திட்டமிட வேண்டாம், வாடகைக் கார்தான் சரி. போகும்போது ஐசி 27 நெடுஞ்சாலை, திரும்பும்போது ஆற்றோரச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரச் சாலை குறுகல், வளைவுகள் அதிகம், இருட்டியபின் ஓட்டச் சுகமில்லை. பகலில் வந்தால் லரஞ்செய்ராஸ் அருகே ரோமானியர் கால மாளிகையின் அடித்தளத்தையும், கெரெய்ரோஸ் து ரியோ கிராமத்தில் ஆற்று அருங்காட்சியகத்தையும் பார்த்துக்கொண்டே இறங்கலாம்.

இரண்டு ஊருக்கும் நடுவே பாலம் கிடையாது. காரில் சுற்றிப் போனால் சுமார் 70 கி.மீ.; படகில் சில நிமிடம். படகுத்துறையில் கால அட்டவணையைத் தேடாதீர்கள். ஆள் சேர்ந்தால் கிளம்பும் சின்னப் படகு அது. படகு அக்கரையில் நின்றால் கையசையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிடுவார்கள், மாலையில் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். ஏறும்போதே கேட்க வேண்டிய கேள்வி: "கடைசிப் படகு எத்தனை மணிக்கு, எந்த நாட்டு மணிக்கு?" சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். இரண்டும் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகள் என்பதால் துறையில் வழக்கமாகச் சோதனை இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காலையிலேயே அக்கரை போய்விடுங்கள். சான்லூக்கர் மேட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி அல்கோத்திம் பக்கம் இறக்கிவிடும் 720 மீட்டர் ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்கும் பயணம்) இருக்கிறது. வேகம் மணிக்கு 70, 80 கி.மீ. வரை போகும். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றைத் தாண்டிய முதல் நிமிடத்தில் தரையிறங்குவீர்கள்! எல்லா மாதமும் ஓடாது, காற்று பலமாக இருந்தாலும் நிறுத்துவார்கள்; முன்பதிவு செய்யுங்கள். முன்பதிவு நேரம் ஸ்பெயின் மணி. இங்கேதான் பலர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்கிறார்கள்.

திரும்பியதும் கோட்டைக்கு ஏறுங்கள். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சிறியதுதான், ஆனால் அங்கிருந்து தெரியும் ஆற்று வளைவுக்காகவே ஏறலாம். உள்ளே இருக்கும் இஸ்லாமியர் காலத்து விளையாட்டுக் கற்பலகைகளைத் தவறவிடாதீர்கள். கோடு கீறிய தாயக்கட்டம் போலவே இருக்கும். 1371இல் போர்ச்சுகல் மன்னர் முதலாம் பெர்னாந்துவும் காஸ்டீலிய (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) மன்னர் இரண்டாம் என்ரிக்கேயும் சமாதானம் செய்துகொண்டது இந்த ஊரில்தான். அதன்படி காஸ்டீலிய இளவரசி லியோனோரை மணக்க வேண்டிய பெர்னாந்து, வேறொரு லியோனோரை மணந்துகொண்டார் என்பது தனிக்கதை.

வெயிலுக்கு ஆற்றில் குதிக்கத் தோன்றும். வேண்டாம். கடலின் ஏற்றவற்றம் இந்த ஊரையும் தாண்டி மேலே போகிறது. வற்றத்தின்போது நீரோட்டம் ஆளை இழுக்கும். ஊர் ஓரத்திலேயே கிளை ஓடையைத் தேக்கி பேகு புந்து என்ற மணல்கரை அமைத்திருக்கிறார்கள். குளியல் அங்கே.

ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி சாதாரணம். மார்ச் முதல் மே வரை நல்ல பருவம். மார்ச் இறுதியில் கடத்தல் திருவிழா நடக்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்: இரவில் காப்பிக்கொட்டையை மூட்டை கட்டி அக்கரை சேர்த்த பழைய பிழைப்பின் நினைவு அது. அந்த நாட்களில் மட்டும் ஆற்றின் குறுக்கே மிதவை நடைபாலம் போடுவார்கள். அறைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

நடக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு, மேற்குக் கடல்முனை வரை 300 கி.மீ. நீளும் வியா அல்கார்வியானா பாதை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. முதல் நாள் நடை சுமார் 24 கி.மீ.; நிழல் குறைவு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது தூக்குங்கள்.