பிளானன் தீவு விளக்கின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில் எய்லியன் மோர் என்ற சிறு தீவு இருக்கிறது. பிளானன் தீவுக்கூட்டத்தில் அதுதான் பெரியது. 1899 டிசம்பர் 7 அன்று அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அடுத்த டிசம்பரில் ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர் என்ற மூன்று காவலர்களும் காணாமல் போனார்கள். தேடிப் பார்த்தால் பேய்க்கதைகள்தான் முதலில் வந்து நிற்கும். பணியில் இருந்தபோது மறைந்தவர்களுக்கு அது நியாயமல்ல. நான் படிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். 1900 டிசம்பர் 26: மாற்றுக் காவலரைத் தீவுக்கு ஏற்றிவந்த ஹெஸ்பெரஸ் கப்பலின் கேப்டன் ஹார்வி அனுப்பிய தந்தி. டிசம்பர் 28: 26ஆம் தேதி முதல் ஆளாகத் தீவில் ஏறிய அந்த மாற்றுக் காவலர் ஜோசப் மூரின் கடிதம். 1901 ஜனவரி 8: கலங்கரை விளக்கங்களின் கண்காணிப்பாளர் மியூர்ஹெட்டின் அறிக்கை. இந்த மூன்றையும் முடிக்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு செய்தியையும் முதலில் சொன்னவர் யார் என்று கேளுங்கள். கவிழ்ந்த நாற்காலியும் தொடாத உணவும் வில்ஃப்ரிட் கிப்சனின் 1912 கவிதையால் பரவியவை. மூரோ, சமையல் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தன, சாப்பாடு முடிந்த பிறகே வெளியே போயிருக்க வேண்டும் என்று எழுதினார். காவலர் அழுதார், பிரார்த்தித்தார் என்று சொல்லும் குறிப்பேட்டு வரிகளும் பிற்காலச் சரக்கு. உண்மையான குறிப்பேடு டிசம்பர் 13 வரை எழுதப்பட்டிருந்தது. 15ஆம் தேதி காலை 9 மணிக்கு எடுத்த வானிலை அளவுகள் சிலேட்டில் இருந்தன. அச்சத்தில் உறைந்தவர்கள் காற்றழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பார்களா?

பொருள்களிடம் நிதானமாக நில்லுங்கள். டுகாட்டும் மார்ஷலும் கடல் பூட்ஸும் மழை அங்கியும் அணிந்து போயிருந்தார்கள். மெக்ஆர்தரின் மேலங்கி மட்டும் உள்ளேயே இருந்தது. டிசம்பர் குளிரில் வெறும் சட்டையோடு ஒருவர் வெளியே போகிறார் என்றால், ஏதோ அவசரம்.

பிறகு உயரங்களைப் பாருங்கள். மேற்கு இறங்குதுறையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 110 அடி உயரத்தில் கயிறுகள் வைத்திருந்த பெட்டி அடித்துச் செல்லப்பட்டிருந்தது. இரும்புக் கம்பிகள் வளைந்து கிடந்தன. பெட்டியைப் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பேரலை வாரிக்கொண்டது என்பதே மியூர்ஹெட்டின் முடிவு. யாரும் நேரில் பார்க்கவில்லைதான். ஆனாலும் சான்றுகளோடு ஒட்டிப் போகும் விளக்கம் அதுதான் என்பேன்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1971இல் விளக்கு தானியங்கியாக மாறும்வரை, சுமார் 70 ஆண்டுகள், வேறு காவலர்கள் அதே தீவில் இரவு தவறாமல் விளக்கேற்றினார்கள். அவர்களுடைய பதிவுகளையும் தேடிப் படியுங்கள்.