ஐஎன்ஜியா, டு-வா? தமிழைக் கேட்டால் தெரியும்

நாகர்கோவிலில் என் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஐந்தாறு நர்ஸ்கள் வந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதப்போகிறவர்கள். வார்டில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள்கூட அந்தத் தேர்வில் வரும் 45 நிமிடக் கடிதத்தை எழுத உட்கார்ந்தால் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வினைச்சொல்லுக்கு எப்போது ஐஎன்ஜி சேர்ப்பது, எப்போது முன்னால் 'டு' போடுவது?

நான் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குவேன். 'புகைப்பது' தொழிற்பெயர். புகைப்பதை, புகைப்பதால் என்று உருபு ஏற்கும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பதுதான் 'ஸ்மோக்கிங்'. 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்திவிட்டார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றார். நோயாளியைப் பற்றிய கடிதத்தில் இது மாறினால் படிக்கிற டாக்டருக்குச் செய்தியே தலைகீழாகப் போய்ச் சேரும். அதே மாதிரி 'ஐ ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. 'ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்ட மறக்காதே. 'அவாய்ட்', 'ஃபினிஷ்' இரண்டுக்கும் ஐஎன்ஜி, 'டிசைட்', 'ரெஃப்யூஸ்' இரண்டுக்கும் டு. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

ஆஃப்டர், பிஃபோர், வித்அவுட், பை போன்ற சொற்களுக்குப் பின்னால் வினை வந்தால் ஐஎன்ஜிதான். 'வித்அவுட் ஈட்டிங்', சாப்பிடாமல். சிக்கல் கடிதத்தின் கடைசி வரியில் வரும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' என்று எழுதாதவர் என் வகுப்பில் இதுவரை இல்லை. 'டு'வும் சில இடங்களில் ஆஃப்டர், பிஃபோர் மாதிரிதான் வரும். அதைக் கண்டுபிடிக்க 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக ஒலிக்கிறது, அதனால் 'ஹியரிங்'. 'வான்ட் டு இட்' ஒலிக்காது, அதனால் வெறும் 'ஹியர்'.

அப்புறம் பெயரெச்சம். கொதிக்கும் தண்ணீர் 'பாய்லிங் வாட்டர்', கொதித்த தண்ணீர் 'பாய்ல்டு வாட்டர்'. இது எல்லோருக்கும் வரும். ஆனால் 'த பேஷன்ட் இஸ் கன்ஃப்யூஸிங்' என்று எழுதிவிடுவார்கள். நோயாளி நம்மைக் குழப்புகிறார் என்று அர்த்தமாகிவிடும். அவர்தான் குழம்பிப்போயிருக்கிறார் என்றால் 'கன்ஃப்யூஸ்டு'.

வாக்கியத்தின் தொடக்கத்தில் ஐஎன்ஜி வந்தால் அந்த வேலையைச் செய்தவர்தான் அடுத்த பகுதியின் எழுவாயாக இருக்க வேண்டும். 'வாக்கிங் டு த டாய்லெட், த டிரிப் கேம் அவுட்' தவறு, டிரிப் நடக்காது. தமிழில் 'நடந்து போய் டிரிப் கழன்றது' என்று நாம் சொல்வோமா? 'நடந்து போகும்போது' என்றுதான் சொல்வோம். அந்த இடத்தில் 'வைல் ஷி வாஸ் வாக்கிங்' என்று எழுதுங்கள்.

வினையோடு அப், ஆஃப் போன்ற சிறு சொல் சேர்ந்து வருவது ஃப்ரேசல் வெர்ப். அந்தப் பட்டியலை அகர வரிசையில் படிப்பது வீண் என்பது என் கருத்து. பின்னால் வரும் சிறு சொல்லை வைத்துப் பக்கம் பிரியுங்கள். 'அப்' பல இடங்களில் நம்முடைய 'விடு' மாதிரி: 'ட்ரிங்க் அப்' குடித்துவிடு, 'யூஸ் அப்' தீர்த்துவிடு. 'த்ரோ அப்' இதில் அடங்காது. அது வாந்தி எடுப்பது, தனியாக எழுதிவையுங்கள். இட், தெம் போன்ற சொற்கள் வந்தால் பிரித்து நடுவில் வையுங்கள்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது. 'லுக் ஆஃப்டர்' போன்ற சில பிரியாது: 'லுக் ஆஃப்டர் ஹெர்'.

டூட்டி முடிந்து வந்ததும் அன்று நடந்ததை வைத்தே மூன்று வாக்கியம் எழுதிச் சத்தமாகப் படியுங்கள். 'ஐ அட்வைஸ்டு ஹிம் டு கிவ் அப் ஸ்மோக்கிங்' மாதிரி ஒன்று அதில் இருக்கட்டும். ஃப்ரேசல் வெர்ப், தொழிற்பெயர் இரண்டுக்கும் அதிலேயே பயிற்சி கிடைத்துவிடும்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2016' என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வோம். ஆங்கிலேய நர்ஸ் ஒருவர் காதில் அது '2016இல் மயங்கி விழுந்தேன்' என்றுதான் விழும். 'ஐ கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள்.