சிபில் அறிக்கையில் தப்பு இருந்தால் திருத்துவது எப்படி?

காரைக்குடியில் ஒரு வங்கியில் வைத்த நகைக்கடனை முழுசாகக் கட்டி நகையையும் மீட்டு வந்துவிட்டேன். அப்புறம் தேவகோட்டை ஆயா வீட்டுக்கு ஓடு மாற்றக் கடன் கேட்கப் போனால், அந்தப் பழைய கடன் இன்னும் பாக்கி என்று சிபில் அறிக்கையில், அதாவது நம் கடன் வரலாற்றைக் காட்டும் அறிக்கையில், நிற்கிறது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

சரி, என்ன செய்யலாம்? சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்த மாதிரி அறிக்கை தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள்.

தப்பு இருக்கும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் போடலாம், கட்டணம் கிடையாது. ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள். அதனால் கடன் முடிந்த சான்று, நகை மீட்ட ரசீது இரண்டின் நகலோடு வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, நம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி இது, கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலே வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாக முறையிடலாம், 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

அறிக்கையில் வரும் கடன் மதிப்பெண்ணை, அதாவது ஸ்கோரை, ஏற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.