டாட்காம் சரிவை வைத்து ஒரு பங்கை எடைபோடுவது எப்படி?

1990-களின் இறுதியில் எகிறிய இணைய, தொழில்நுட்ப நிறுவனப் பங்குகள் 2000 முதல் 2002 வரை சரிந்ததே டாட்காம் சரிவு. பங்கின் விலையை முதலில் ஓரமாக வையுங்கள். நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பை (ஒரு பங்கின் விலை × மொத்தப் பங்குகள்) எடுத்து, ஆண்டு விற்பனையால் வகுங்கள்.

2000 மார்ச்சில், இணைய வலையமைப்புக் கருவிகள் விற்கும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோவின் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 1,900 கோடி டாலர். அதாவது 26 மடங்கு. விற்ற ஒவ்வொரு டாலரும் செலவே இல்லாமல் அப்படியே லாபமானாலும், விற்பனை வளராவிட்டால் போட்ட பணம் திரும்பி வர 26 ஆண்டுகள் ஆகும். சிஸ்கோ ஒன்றும் காகித நிறுவனம் அல்ல. ரவுட்டர் விற்றது, லாபம் பார்த்தது, பின்னாளிலும் வளர்ந்தது. ஆனாலும் 80 டாலரை ஒட்டி வாங்கியவர்கள் 2002 அக்டோபரில் அதை 10 டாலருக்கும் கீழே பார்த்தார்கள். நல்ல நிறுவனம் வேறு, நல்ல விலை வேறு. பலர் சறுக்கியது இங்கேதான்.

நஷ்டத்தில் ஓடும் நிறுவனமா? கையிருப்பு ரொக்கத்தை மாதாமாதம் கரையும் தொகையால் வகுங்கள். 12 மாதத்துக்குக் குறைவு என்றால் தொடாதீர்கள். சந்தை சூடாக இருக்கும்வரைதான் புதுப் பணம் வரும். செல்லப்பிராணிப் பொருட்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம் 2000 பிப்ரவரியில் 11 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. நவம்பரில் கடையை மூடியது.

கடன் வாங்கிப் பங்கு வாங்கவே வேண்டாம். தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கின் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048. 2002 அக்டோபர் 9 அன்று 1,114. நூறு ரூபாய் 22 ஆனால், பழைய இடத்துக்கு வர நாலரை மடங்காக ஏற வேண்டும். நாஸ்டாக்குக்கு அது 2015 வரை ஆனது. மார்ஜினில், அதாவது தரகரிடம் கடன் பெற்று, வாங்கியவரின் பங்கைத் தரகர் பாதி வழியிலேயே விற்றுவிடுவார்.